ஒரு சொல்லுக்கு ஓர் அறை

பேர்ளியின் வீடு பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேல் பகுதியில் இருந்தது. மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஒற்றை அறை வீடு. 1987ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லூசியாவும் அங்கே வந்து சேர்ந்தாள். டென்மார்க்கிலிருந்த பெரியம்மா இறந்துபோனதால், பெரியப்பா தன் மகளையும் ஒரு பெட்டி வீட்டுச் சாமானையும் கொண்டுவந்து விட்டுப்போனார்.

பேர்ளி அந்த வருடம்தான் பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தாள். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசிப்பாள். பெட்டியைக் கிளறியபோது, பாதி கிழிந்த தாள் ஒட்டிய சின்னத் தகரப்பேணி ஒன்று அகப்பட்டது.

“கிஃப்ட்! யோன், உனக்குப் பரிசு!” என்று தாளில் மிஞ்சியிருந்த எழுத்தை வாசித்து, மூன்று வயதுத் தம்பியிடம் நீட்டினாள்.

யோன் மூடியைத் திருகினான். உள்ளே மிட்டாய் போல இளஞ்சிவப்பு மணிகள்.

“கிஃப்ட்! கிஃப்ட்!” என்று அலறியபடி லூசியா பாய்ந்து வந்து அதைப் பறித்தாள். யோன் வீரிட்டான்.

அம்மாவுக்கும் அந்த ஆங்கிலச் சொல் தெரியும். ஒன்றும் கேட்காமல் லூசியாவின் கன்னத்தில் அறைந்தாள்.

“சின்னப் பிள்ளைக்கு ஒரு பரிசு குடுக்க மனமில்லையே? உனக்குச் சோறு போடுற வீடு இது!”

லூசியா பேணியோடு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

பேர்ளிக்கு மனம் கேட்கவில்லை. லூசியா ஏன் அந்தப் பேணியை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள்? பின்னாலேயே போனாள்.

“லூசியாக்கா, அதுக்குள்ள என்ன?”

“எலிக்கு வைக்கிறது. டேனிஷில கிஃப்ட் எண்டா நஞ்சு. பயத்தில எனக்குத் தமிழ் வரேல்லை.”

பேர்ளி அம்மாவிடம் ஓடினாள். பேணியைக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். அம்மா யோனின் வாயைத் திறந்து பார்த்தாள். அவன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்றாள்.

“லூசியாவைச் சாப்பிடக் கூப்பிடு.”

“நான் கூப்பிட்டா வரமாட்டா அம்மா. நீங்கள்தான் போகவேணும்.”

அம்மா படிக்கட்டுக்குப் போனாள். “லூசியா...” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லூசியா நிமிரவில்லை. “சின்னம்மா, யோன் ஒண்டும் வாயில வைக்கேல்லைத்தானே?”

“இல்லை, ராசாத்தி.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.

சாப்பிடும்போது பேர்ளி கேட்டாள். “ஒரே சொல் எப்படிப் பரிசாவும் நஞ்சாவும் இருக்கும்?”

“குடுக்கிறது எண்டதில இருந்துதான் ரெண்டும் வந்ததாம். எங்கட ரீச்சர் சொன்னவ. டேனிஷில கலியாணம் கட்டினவையும் கிஃப்ட்தான்.”

“அப்ப எங்கட அம்மாவும் கிஃப்டோ?”

அம்மா தலைகுனிந்தபடி லூசியாவின் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தாள்.

லூசியாவுக்குச் சிரிப்பு வந்தது. வீங்கிய கன்னம் வலித்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.