பொறுப்பாளர்: பெரியம்மா

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, மகளின் தலை பின்னியிருந்தது.

காலையில் அவசரத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அனுப்பிய தலை அது. இப்போது நடுவகிடு கோடு போட்டதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு முடி பிசிறில்லாமல் இறுக்கிப் பின்னி, நுனியை உள்ளே மடித்துக் கட்டியிருந்தது. மகளுக்கு எட்டு வயது. ஷூ லேஸ் கட்டுவாள், தோசைக்கல்லை விட்டுத் தள்ளி நிற்பாள், பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரை சொல்வாள். பின்னத் தெரியாது.

"நானே பின்னிக்கிட்டேன்" என்றாள் மிளகு, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மிளகு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னது, வாய் காரம்.

அவள் நம்பினாள். அலுத்துக் களைத்து வந்தவளுக்கு நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பிரேமுக்குள் உட்காரும்வரை கண்ணாடியின் விளிம்பைக் கல்லில் கொடுத்துத் தேய்க்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கடை ஆறு மணிக்கு மூடும். பள்ளிக்கூடம் மூன்று மணிக்கே விட்டுவிடும். நடுவில் இருந்த மூன்று மணி நேரம்தான் அவள் வாழ்க்கையின் மொத்தச் சிக்கலும். கணவன் விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவனுக்கும் இல்லை. அதனால் மகளைத் தயார்ப்படுத்தினாள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள், உள்ளே போனதும் பூட்டு, எனக்குப் போன் பண்ணு. மகள் கற்பூரம்போல் பிடித்துக்கொண்டாள். என் பெண் யாரையும் எதிர்பார்க்க மாட்டாள் என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டதும் அவள்தான்.

அந்த வாரம் சின்னச் சின்னதாக வேறு விஷயங்களும் நடந்தன. பால் குடித்த டம்ளர் கழுவி மேல்தட்டில் கவிழ்த்திருந்தது. அந்தத் தட்டு மகளுக்கு நாற்காலி போட்டாலும் எட்டாது. சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானை யாரோ தைத்திருந்தார்கள். கூடத்தில் ஒரு வாடை வந்தது, காயாத கம்பளியை மடித்து வைத்ததுபோல. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. புதன்கிழமை மூன்றரைக்கு மகள் போன் செய்தாள். "வந்துட்டேன், பூட்டிட்டேன், பால் குடிச்சிட்டேன்" என்று வழக்கம்போல ஒப்பித்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் துணி இழுபடுவதுபோல ஒரு சத்தம், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாக வந்து, போனுக்குப் பக்கத்தில் நின்றது.

"டிவியாடி?"

"இல்லம்மா. வெச்சிடறேன்."

வெள்ளிக்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். கீழ்வீட்டு டீச்சர் எழுதிப் போட்டிருந்தார். எட்டு வயதுக் குழந்தை தினமும் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கிறது என்று. முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு அவள் போனாள். போகும் வழியெல்லாம் டீச்சரை வாய்க்கு வந்தபடி மனதுக்குள் திட்டினாள். திட்டித் தீர்ந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதிகாரி அவள் வயதுப் பெண்தான். மேஜையில் பச்சை அட்டைக் கோப்பு ஒன்று இருந்தது. காற்றாடிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்கக் கையை அதன்மேல் வைத்திருந்தாள்.

"பாருங்கம்மா, குழந்தையைத் தைரியமா வளர்க்கிறது வேற, தனியா விடறது வேற. பத்து வயசுக்குக் கீழன்னா, கூட ஒரு பெரியவங்க இருந்தே ஆகணும். இல்லன்னு தெரிஞ்சா விசாரணை முடியற வரைக்கும் காப்பகத்துல வைப்போம். அது மூணு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

ஒரு வருடம். மிளகுக்கு இரவில் ஒரு காலை அவள்மேல் போட்டால்தான் தூக்கம் வரும்.

"ஆனா நீங்க பயப்பட வேண்டாம்" என்று அதிகாரி சிரித்தாள். "நான் புதன்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்துட்டேன். உங்க அக்காதான் கதவைத் திறந்தாங்க."

"யாரு?"

"குழந்தையோட பெரியம்மா. நல்ல உயரம் இல்ல? கதவு நிலைக்குக் கீழே குனிஞ்சுதான் நின்னாங்க. வெளிச்சம் அவங்க பின்னாடி இருந்துச்சு, முகம் சரியாத் தெரியலை. ஆனா கேட்டதுக்கெல்லாம் டக்டக்னு பதில் சொன்னாங்க. குழந்தைக்கு எந்தப் பல்லு ஆடுதுன்னுகூடச் சொன்னாங்க."

மகளுக்குப் பல் ஆடுவது அவளுக்குத் தெரியாது.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் யாரோ ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்கா கிடையாது மேடம், என் வீட்டில் யாருமே கிடையாது. இந்த வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. சொன்னால் போலீஸ் வரும். வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் மகள் இன்று ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பாள். வீட்டில் இருப்பது எதுவாக இருந்தாலும் பூட்டை மாற்றிக்கொள்ளலாம், வீட்டையே மாற்றிக்கொள்ளலாம். முதலில் இந்த மேஜையிலிருந்து தப்பிக்க வேண்டும்.

"ஆமா மேடம்" என்றாள். "எங்க அக்காதான்."

அதிகாரி ஒரு படிவத்தைத் திருப்பி வைத்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் 'பெரியம்மா' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் அவங்க பொறுப்பு? மூணுலேர்ந்து ஆறுன்னு போடட்டுமா?"

அவள் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். குறைவாகச் சொன்னால்தானே சந்தேகம் வரும்.

"நேரமெல்லாம் கிடையாது மேடம். எப்பவும் கூடவேதான் இருப்பாங்க. என்னைவிட அவங்கதான் பார்த்துக்கிறாங்க."

அதிகாரி 'முழு நேரம்' என்று எழுதினாள். 'குழந்தையின் தாயாகிய நான் முழுச் சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலரை. மூன்றாவது மாடி. படிக்கட்டு ஜன்னல்களில் நல்ல வெயில் அடித்தது. கம்பளி வாடை இரண்டாவது மாடியிலேயே தொடங்கிவிட்டது.

மிளகு கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிர் நாற்காலி மேஜையைவிட்டு நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது, நீளமான கால்கள் உள்ளவர் எழுந்துபோனதுபோல.

"யாருடி பெரியம்மா?"

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நீதான் அனுப்பினியாமே?"

"எப்ப வந்தாங்க?"

"போன வாரம் ஒருநாள் மழை பெஞ்சு கரண்டு போச்சுல்ல. உனக்குப் போன் பண்ணேன், பண்ணேன், நீ எடுக்கவே இல்ல. நான் அழுதேன். அப்ப வந்தாங்க."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ஒன்பது அழைப்புகள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று இவளும் பூரித்துப் போனாள்.

"ஏன்டா கண்ணு என்கிட்ட சொல்லலை?"

"நீ கையெழுத்து போடுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க."

பை எடுக்கவில்லை. துணி எடுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எங்கே போவது? கடைக்கு. அதிகாரியிடம். எங்காவது. படியிறங்கினாள். பன்னிரண்டு படி. திருப்பம்.

திருப்பத்தில் மகள் கனத்தாள்.

திரும்பிப் பார்த்தாள். மிளகு இரண்டு படி மேலே நின்றிருந்தாள். ஒரு கை அவளிடம் இருந்தது. மற்றொரு கை மேலே தூக்கியிருந்தது. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, நேராக. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. உயரமானவரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும் குழந்தையின் கை.

அந்தக் கைக்கு மேலே சுவர் இருந்தது. வெயில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இழுத்தாள்.

மேலேயிருந்தும் இழுத்தது.

"அம்மா, வலிக்குது."

"விடுடி. அந்தக் கையை விடு."

"நான் பிடிக்கலம்மா. அவங்கதான் பிடிச்சிருக்காங்க."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மகளின் கால்கள் படியைவிட்டு எழும்பின. சின்ன உடம்பு அந்தரத்தில் நீண்டது. தோளில் மளுக்கென்று ஒரு சத்தம். மகள் வீறிட்டாள்.

அவள் விட்டுவிட்டாள். பெற்றவளுக்கு அதற்குமேல் இழுக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் விடவில்லை.

மிளகு படியேறினாள். ஏறினாள் என்று சொல்ல முடியாது. கட்டைவிரல்கள் மட்டும் ஒவ்வொரு படியிலும் உரசிக்கொண்டு போயின. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

அவள் ஓடினாள். இடுப்பில் செருகியிருந்த சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே மேல்தாழ்ப்பாள் நகர்ந்தது. அவளே ஸ்டூல் போட்டு ஏறித்தான் போடுவாள் அதை.

தட்டினாள். உதைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கீழே ஒரு கதவு திறந்தது. டீச்சரின் குரல்.

"என்னம்மா சத்தம்? குழந்தை உள்ள தனியா இருக்கா?"

அவள் தரையில் குப்புற விழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

கூடத்து வெளிச்சம். இடுக்கில் நாலு பாதங்களின் நிழல். சின்னது இரண்டு. அவற்றை ஒட்டி, நீளமாக, இன்னும் இரண்டு.

"மிளகு" என்றாள்.

சின்னப் பாதங்கள் இரண்டும் மெல்லத் தரையைவிட்டு எழும்பின. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது எழும்புமே, அப்படி. நீளப் பாதங்கள் இரண்டு மட்டும் அங்கேயே நின்றன, கதவைப் பார்த்தபடி.