அணைக்க முடியாத வான்

அன்று காலை எங்கள் முற்றத்தில் அப்பாவின் வான் வண்டி எஞ்சின் அணையாமல் இரைந்துகொண்டே நின்றது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்துக் களைத்துப் படுத்துவிட்டது. அம்மா ஓட்டுநர் இருக்கைக்கே தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா குடித்தாரே தவிர, சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏனப்பா நிப்பாட்டாமல் வைச்சிருக்கிறியள்?"

"நிப்பாட்டினால் பிறகு எழும்பாதாம் பிள்ளை. வானே சொல்லுது."

எட்டிப் பார்த்தேன். மீற்றருக்கு நடுவே ஒரு சின்னத் திரை. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். இன்னும் ஓடக்கூடியது பூச்சியம் கிலோமீற்றர், அணைத்தால் மீண்டும் இயங்காது, நிரப்பவும்.

"என்னத்தை நிரப்பட்டாம்?"

"அதுதான் விளங்கேல்லை. டீசல் கிடக்கு. ஒயில் கிடக்கு. தண்ணியும் கிடக்கு."

பத்து மணிக்கு நெல்லியடியில் வில்லுப்பாட்டுப் போட்டி. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு பேர் போகிறோம். குடம் அடிப்பவள் நான். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போன வருடம் போய்ப் பார்த்தோம். வில்லு பஸ் வாசலுக்குள் நுழையவே இல்லை. பஸ் போன பிறகு நாங்களும் வில்லும் நீர்வேலிச் சந்தியில் நின்றோம். இந்த முறை அப்பா வானில் கூட்டிப்போவதாக ரீச்சரிடம் சொல்லியிருந்தார்.

"நிப்பாட்டாமலே ஓடுவம். போட்டி முடியுமட்டும் நான் உள்ளுக்கையே இருக்கிறன்" என்றார் அப்பா.

"வழியிலை ஒருக்கால் நிண்டால் ஏழு பிள்ளையளும் நடுறோட்டிலை. இரவிலையும் உதுக்குள்ளையோ படுக்கப் போறியள்?" என்று அம்மா கேட்டார்.

அப்போதுதான் மீற்றரில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கவனித்தேன். பிள்ளையாரின் காதோரம் மஞ்சளாக ஒரு வெளிச்சம் கசிந்தது.

"அப்பா, பிள்ளையாருக்குப் பின்னாலை என்னவோ எரியுது."

அப்பா தலையைச் சொறிந்தார். "உது ஒரு மாதமாய் எரியுது. கண்ணைக் குத்தினது. அதுதான் ஒட்டினனான்."

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகத்தால் மெல்ல உரித்தேன். உள்ளே ஒரு சின்ன விளக்கு. அதில் ஒரு குழாய், ஒரு துளி, கீழே அலை. வானோடு வந்த கையேட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதே படம் இருந்தது. டீசல் ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருக்கும் என்று அடுத்த பக்கத்தில் காட்டியிருந்தார்கள்.

இருந்தது. வான் வந்து ஒரு வருடமாகியும் அதை நாங்கள் ஒருவரும் திறந்ததில்லை. திறந்தேன். மூடியின் விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று நுண்ணிய ஊசிகள். யாரும் செய்து வைத்தவை அல்ல, தாமாக வளர்ந்தவை. தொடவே பயமாக இருந்தது, அவ்வளவு அழகு.

அதற்குள் அம்மாவின் தம்பி பிரவீணன் மாமா வந்துவிட்டார். கைபேசியில் தேடிப் பார்த்து, "அட்புளூ எண்டு பேராம் அத்தான். யூரியாவும் தண்ணியும்தானாம்" என்றார்.

"என்ன யூரியா?" என்றார் அப்பா.

"எங்கடை வாழைக்குப் போடுறமே, அந்தச் சாமான்தான். புகைக்குழாய்ச் சூட்டிலை அது புகைக்குள்ளை இருக்கிற நஞ்சைப் பிடிச்சு, வெறும் காத்தும் தண்ணியுமாய் மாத்திப்போடுமாம்."

நான் வேலிக்கு அப்பால் நின்ற வாழைகளைப் பார்த்தேன். பிறகு வானின் புகைக்குழாயைப் பார்த்தேன். இலையைப் பச்சையாக்குகிற அதே யூரியா புகையையும் கழுவுகிறதா? எனக்கு மயிர் கூச்செறிந்தது.

மாமா வியந்துகொண்டு நிற்கிற ஆள் அல்ல. "கொட்டிலிலை அரைப் பை கிடக்கு, முற்றத்திலை கிணறு கிடக்கு. ஐஞ்சு நிமிச வேலை" என்று வாளியோடு போனார்.

அவர் கலக்கியதில் ஒரு கிளாஸ் அள்ளினேன். கை சில்லென்றது. ஐஸ் போடவில்லை, யூரியா கரையக் கரையத் தண்ணீர் தானாகவே குளிர்ந்துவிட்டது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கலங்கலாக இருந்தது. கீழே மண் துகள்களும் படிந்திருந்தன.

ஓடிப்போய் அடுப்படியிலிருந்து தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கொண்டுவந்தேன்.

"மாமா, ஊத்தாதேங்கோ. இதுக்குள்ளை பாருங்கோ."

அடியில் கல்லுப்போல வெள்ளைப் படை.

"எங்கடை கிணத்துத் தண்ணி கேத்திலுக்கே இப்பிடிச் செய்யுது. வானுக்குள்ளை இதைத் தெளிக்கிற துவாரம் ஊசிக்கண் அளவுதான். புத்தகத்திலை படம் கிடக்கு. அது அடைச்சால்?"

"வருசத்துக்கு ஒரு கேத்தில் மாத்திறன் நான்" என்றார் அம்மா.

அப்பா கேத்திலுக்குள் நெடுநேரம் பார்த்தார். "வருசத்துக்கு ஒரு வான் மாத்த ஏலாது. பிரவீணன், யாழ்ப்பாணம் போய் நல்லதை வாங்கிக்கொண்டு வா."

வாளித் தண்ணீர் வாழைக்குப் போனது. மாமா மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனார். ஒன்பது மணிக்குப் பத்து லீற்றர் கானோடு வந்து சேர்ந்தார்.

"இப்ப நிப்பாட்டுங்கோ அப்பா."

"நிப்பாட்டாமலே ஊத்தினால் என்ன?"

"நிப்பாட்டிப்போட்டுத்தான் ஊத்தவேணுமாம்."

அப்பா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

முற்றம் அமைதியானது. எங்கோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுவது அப்போதுதான் கேட்டது. மாமா ஊற்றினார். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக அது இறங்கியது.

அப்பா எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஒரு படி திருப்பினார். விளக்கு அணையவில்லை. பூச்சியமும் போகவில்லை.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "முடிஞ்சுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. கானைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது.

"மாமா, இதுக்குள்ளை இன்னும் கிடக்கே?"

"அடுத்த முறைக்கு வைச்சனான்."

"எங்கடை மேல் தண்ணித் தாங்கியிலை ஒரு வாளி மட்டும் ஊத்தினால் அளவு காட்டுற மிதவை எழும்புமோ? இதுவும் அப்பிடித்தான். எல்லாத்தையும் ஊத்துங்கோ."

மாமா முழுக் கானையும் கவிழ்த்தார். கடைசித் துளிகளை நான் ஒரு கறுப்புத் தட்டத்தில் ஏந்திக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். அப்பா மீண்டும் சாவியை ஒரு படி திருப்பினார். காத்திருந்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. பூச்சியமும் மறைந்தது. அப்பா சாவியை முழுவதுமாகத் திருப்பினார். வான் எழும்பியது.

ஏழு பேரும் வில்லும் ஏறியபோது ஒன்பதே முக்காலுக்குக் கிட்ட. நெல்லியடியில் முதல் குழு பாடிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அப்பா வானை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறங்கப்போனவர் திரும்பி வந்து ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். பிறகு அணைத்தார். மறுபடியும் ஸ்டார்ட் பண்ணினார்.

"அங்கிள், எங்களைக் கூப்பிடுகினம்" என்றாள் எங்கள் குழுவின் அருந்ததி. அதன் பிறகுதான் இறங்கினார். அன்று நான் குடம் அடித்த அடி தெருவுக்கே கேட்டதாம்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். தட்டத்தில் தண்ணீர் இல்லை. வெயில் குடித்துவிட்டது. அந்த இடத்தில் வெள்ளை ஊசிகள் நூற்றுக்கணக்கில் மினுங்கின.

அம்மா தட்டத்தைக் கழுவ எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓர் ஊசிகூட உடையாமல், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.