வேலி தாண்டிய ராணி

விமல்ராஜ் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"சந்திரகலா மேடம் ஆபீஸ் இதானேண்ணா?"

"மாடியில. இன்னா ஆச்சும்மா, ஆக்சிடெண்ட்டா?"

"இல்லண்ணா. என் தேனீ போயிடுச்சு."

விமல்ராஜ் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. சந்திரகலா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரிப்பவள். இரண்டு வருடமாக அவள் போகும் இடமெல்லாம் அவன் ஆட்டோதான் போகிறது. உடைந்த பம்பர், உடைந்த கால், எரியாமலே எரிந்துபோன கடை என்று எத்தனையோ பார்த்துவிட்டான். தேனீ இதுதான் முதல் தடவை. துணியை எடுக்கக்கூட நிற்காமல் அவள் பின்னாலேயே மாடி ஏறினான்.

சந்திரகலா டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. எதற்கும் அவசரப்படாதவள்.

"உக்காருங்க. பேரு?"

"வேதா. அடி அண்ணாமலை. ஊர்ப் பொதுத் தோட்டத்துல தேனீ வளக்கிறேன்க்கா. ஞாயித்துக்கெழமை ஊர் ஜனங்களுக்குச் சொல்லியும் தரேன். இப்போதைக்கு ஒரே ஒரு பெட்டிதான். அது நல்லாப் பெருத்ததும் அதுலேர்ந்து பிரிச்சு ஆளுக்கொரு பெட்டி தரதா சொல்லியிருந்தேன். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு பாட்டில் வாங்க டவுனுக்கு வந்தேன். பத்தரைக்குத் திரும்பிப் போய்ப் பாத்தா, என் தேனீ எல்லாம் வேலிக்கு அந்தாண்ட மணிவேல் அண்ணன் வீட்டுல முன்னாடியே வாங்கி வெச்சிருந்த காலித் தேனீப் பெட்டிக்குள்ள போயிட்டிருக்கு!"

"தானாவா?"

"அப்படித்தான் ஊரே சொல்லுது. தேனீயே அவள விட்டுப் போயிடுச்சு, அவளுக்கு எதுக்கு எடம்னு கேக்கறாங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். பஞ்சாயத்துல எனக்குக் குடுத்த தோட்டத்தைத் திருப்பி வாங்கிடுவாங்க. மூணு வருசமாக் கல்லு பொறுக்கி, பூச்செடி வெச்சு உண்டாக்கின எடம்க்கா அது!" வேதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தேனீங்க தானாப் போகாதா?"

"போகும். ராணி பறந்து போனா மொத்தக் கூட்டமும் கூடவே போயிடும். அதுக்குத்தான் போன ஞாயித்துக்கெழம வகுப்புல ராணியோட ஒரு பக்க றெக்கையப் பாதியாக் கத்தரிச்சுவிட்டேன். நகம் வெட்டற மாதிரி, வலிக்காது. அதால இனிமே பறக்க முடியாது, நடக்கத்தான் முடியும்."

சந்திரகலாவின் கை டிபன் பாக்ஸில் நின்றது. "இத யாரெல்லாம் பாத்தாங்க?"

"அன்னிக்குக் கூட்டம் கம்மிக்கா. மணிவேல் அண்ணன் இருந்தாரு, பக்கத்துத் தெரு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இருந்தாங்க. எப்பவும் வர்றவங்கள்ல ரெண்டு பேர்தான் வரல. டீக்கடை ரேவதியால கடையை விட்டு வர முடியல. அப்பாசாமி அண்ணன் கீழ்பென்னாத்தூர்ல கல்யாணம்னு போயிட்டாரு."

"இன்னிக்குக் காலையில றெக்க விஷயத்த யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எங்கக்கா சொல்றது? ஆளாளுக்குக் கத்தறாங்க. நேரா பஸ் ஏறி இங்க வந்துட்டேன்."

"ரொம்ப நல்லது. நான் சொல்ற வரைக்கும் வாயே தெறக்காதீங்க. விமலு, வண்டிய எடு."

கிரிவலப் பாதையில் ஆட்டோ பறந்தது. வழி முழுக்க விமல்ராஜுக்கு வாய் ஓயவில்லை.

"அக்கா, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. பெட்டி மணிவேலு பெட்டி. தேனீ இப்ப அவங்கிட்ட. ராணிய அவன்தான் தூக்கினு போயிருக்கான்."

"ரோட்டப் பாத்து ஓட்டு விமலு."

பொதுத் தோட்டம் பாதையை ஒட்டியே இருந்தது. துளசி, சூரியகாந்தி, முருங்கை. நடுவே நாலு காலில் நின்ற ஒரு மரப்பெட்டி. எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது. பெட்டிக்குள் கொஞ்சம் தேனீக்கள்தான் மிச்சம். அவற்றின் இரைச்சல் ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டது.

"ராணி இல்லேன்னா இப்படித்தான் கத்தும்," என்றாள் வேதா.

"தெறந்து காட்டுங்க."

மூடியை எடுத்தாள். உள்ளே புத்தகம் அடுக்கினாற்போல் எட்டு மரச்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேனடை. ஒவ்வொரு சட்டத்தின் வலது ஓரத்திலும் நீலப் பெயிண்டில் ஒரு புள்ளி.

"எடுத்து வெக்கும்போது பக்கம் மாறிடக் கூடாது. அதுக்குத்தான் புள்ளி. மாறினா அடை ஒண்ணோட ஒண்ணு உரசும். மொத வகுப்புலயே..." வேதா சட்டென்று நிறுத்தினாள்.

விமல்ராஜும் பார்த்துவிட்டான். மூன்றாவது சட்டத்தின் நீலப் புள்ளி இடது பக்கம் இருந்தது.

"அக்கா!" என்று கத்தினான். "எவனோ எடுத்து மாத்தி வெச்சிருக்கான்!"

"தேனீக்குச் சட்டத்தத் திருப்பி வெக்கத் தெரியாது," என்றாள் சந்திரகலா. "ஆள் வந்திருக்கு. அவசரத்துல வந்திருக்கு. ராணி எதுன்னு தெரிஞ்ச ஆள். வேதாம்மா, உங்க வகுப்புக்கு வராத யாராலயாவது ராணியக் கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாதுக்கா. ஆயிரக்கணக்குல ஒண்ணு அது."

வேலிக்கு அந்தப் பக்கம், பதினைந்து அடி தள்ளி, மணிவேல் தன் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி வாசலில் தேனீக்கள் கொத்துக் கொத்தாய் மொய்த்தன. அவன் முகத்தில் சந்தோஷமும் குற்றமும் கலந்திருந்தன. விமல்ராஜ் மனசுக்குள் அவனுக்கு விலங்கே மாட்டிவிட்டான்.

"தேனீ வந்ததப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"இல்லீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து பாக்கும்போது பெட்டி நெறைய இருந்துச்சு. நான் ஒண்ணும் பண்ணலீங்க. என் வூட்டுக்கு வந்தத நான் ஏன் வெரட்டணும்?"

"ராணி எப்படி வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "அதத்தாங்க நானும் கேட்டுனு இருக்கேன்."

எதிரே டீக்கடையில் ரேவதி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதுமே பொரிந்தாள். "அந்தத் தேனீயால சக்கர டப்பாவத் தெறக்க முடியல எனக்கு! போனா போவட்டும்னு இருந்தேன். ராணியையும் பாக்கல, மந்திரியையும் பாக்கல. காலையில கிரிவலம் வர கூட்டத்துக்கு டீ ஆத்தவே எனக்குக் கை பத்தல."

"பாத்தது யாரு?"

"அப்பாசாமி அண்ணன்தான் பாத்தாராம். ஊர் பூரா சொல்லினு திரியறாரு. அவருக்கென்ன, பௌர்ணமிக்கு வண்டி நிறுத்த எடம் பத்தல பத்தலன்னு ஒரு வருசமாப் பாட்டுப் பாடறாரு."

அப்பாசாமி வேப்பமரத்தடியில், கூட்டத்துக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, நல்ல குரல். சந்திரகலாவைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நான் கண்ணால பாத்தேம்மா! ஒம்போதரை இருக்கும். ராணி மொதல்ல வெளிய வந்துச்சு. நீளமா, கருப்பா. ரெண்டு சுத்து சுத்தி, வேலிக்கு மேல பறந்து, மணிவேலு பெட்டி வாசல்ல போய் எறங்கிச்சு. அது பின்னாலயே மத்த கூட்டம் மேகம் மாதிரி போச்சு. அண்ணாமலையாரே வழி காட்டற மாதிரி இருந்துச்சு, சத்தியமா!"

பேசும்போதே இரண்டு தேனீக்கள் அவர் சட்டைப் பையைச் சுற்றி வந்தன. அவர் தட்டிவிட்டார். மறுபடி வந்தன.

"பாக்கெட்ல வெல்லம் கில்லம் வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. போனும் பேனாவும்தான்."

"சரிங்க. நீங்க பாத்தத நாலு மணிக்கு எல்லாருக்கும் ஒரு தடவ சொல்லணும்."

"சொல்றேனே!" என்றார் அவர் உற்சாகமாக.

திரும்பி நடக்கும்போது விமல்ராஜ் சந்திரகலாவின் காதருகே, "அக்கா, றெக்க வெட்டின ராணி எப்படிக்கா..." என்று ஆரம்பித்தான்.

"உஷ்."

அதற்குப் பிறகு நாலு மணி வரைக்கும் விமல்ராஜ் எட்டு டீ குடித்தான்.

கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவி பாஞ்சாலை நடுவில் உட்கார்ந்தார். அப்பாசாமி எழுந்து, ராணி பறந்த கதையைக் முன்பு சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். இப்போது ராணி மூன்று சுற்று சுற்றியது.

"தேனீக்கே வேண்டாத எடம். வண்டி நிறுத்தவாவது உதவட்டும்," என்று முடித்து உட்கார்ந்தார். சிலர் தலையாட்டினார்கள். வேதா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்திரகலா எழுந்தாள். "தலைவரம்மா, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ராணிய எல்லாரும் ஒரு தடவ பாத்துடலாமா? மணிவேலு, பெட்டியத் தெறக்க விடுவீங்களா?"

மணிவேல் கொஞ்சம் தயங்கி, "தெறங்க," என்றான்.

மொத்தக் கூட்டமும் வேலியோரம் நகர்ந்தது. வேதா மெதுவாகப் புகை காட்டி, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கினாள். நாலாவது சட்டத்தில் அவள் கண் நின்றது. "இருக்கு!" என்று மூச்சுவிட்டாள். ராணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். சட்டத்தைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் நீட்டினாள். பக்கத்தில் நின்றவன் விமல்ராஜ்.

"இதப் புடிங்கண்ணா. ஆடாதீங்க, ஒண்ணும் பண்ணாது."

வேண்டாம் என்று சொல்வதற்குள் அது அவன் கைக்கு வந்துவிட்டது. ஐந்நூறு தேனீக்கள். ஒன்று அவன் கட்டைவிரலில் நடந்து போனது. அவனுக்குக் கழுத்து வரைக்கும் வியர்த்தது.

வேதா ராணியை விரலிடுக்கில் பிடித்துப் பாஞ்சாலையின் கண்ணெதிரே காட்டினாள். நீண்ட கரிய உடம்பு. ஒரு பக்கம் முழு இறக்கை, மறுபக்கம் பாதி.

"கத்தரிச்ச றெக்கை," என்றாள் சந்திரகலா. "போன ஞாயித்துக்கெழம வேதாதான் வெட்டினாங்க. இந்த ராணியால ஒரு அடி கூடப் பறக்க முடியாது. மணிவேலு, நீங்க அன்னிக்கு இருந்தீங்க, உண்மைதானே?"

"உண்மைதாங்க," என்றான் மணிவேல். "காலையிலேர்ந்து அது மனசுல குத்திக்கினுதான் இருந்துச்சு. பெட்டி நெறைய தேனீயப் பாத்ததும் ஆசையில வாய் வரலீங்க."

"வாய் வராததுதான் உங்களக் காப்பாத்திச்சு. றெக்க விஷயத்தச் சொல்லியிருந்தா செஞ்ச ஆளு கதைய மாத்தியிருப்பாரு," என்றாள் சந்திரகலா. "என் தம்பி விமலு காலையிலேர்ந்து உங்களத்தான் சந்தேகப்பட்டுட்டிருக்கான். நான் படல. ராணி பறக்காதுன்னு தெரிஞ்சவர் திருடியிருந்தா, பக்கத்து வேலிலயே, தன் பேருல இருக்கற பெட்டிலயே கொண்டாந்து விடுவாரா? ஊர்ல நாலு பேருக்கு அது தெரியுமே. இதச் செஞ்ச ஆளுக்கு றெக்க வெட்டினது தெரியாது. ராணி போனா கூட்டம் போகும்னு தெரியும், சட்டத்தைத் தூக்கி ராணியக் கண்டுபிடிக்கத் தெரியும். அப்ப, வகுப்புக்கு வந்தவர். போன ஞாயித்துக்கெழமை மட்டும் வராதவர். அப்படி ரெண்டே பேர். ரேவதி எதையும் பாக்கலேன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் பறக்க முடியாத ராணி பறந்ததக் கண்ணால பாத்தேன்னாரு. தானாப் போச்சுன்னு ஊர் நம்பணும்னு யாருக்கு அவசியமோ, அவருக்குத்தான் ராணி பறந்த மாதிரித் தெரியும்."

எல்லாத் தலைகளும் அப்பாசாமி பக்கம் திரும்பின.

"ஏம்மா, தூரத்துலேர்ந்து பாத்தேன், வேற எதையாவது ராணின்னு நெனச்சிருப்பேன்! அதுக்குத் திருடன்னு சொல்லிடுவியா? சாட்சி இருக்கா?"

"இருக்கு. உங்க மேலயே உக்காந்திருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். பெட்டி திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, அவர் சட்டைப் பையில் இருபது முப்பது தேனீக்கள் கூடிவிட்டன. கொட்டவில்லை. வாலை மேலே தூக்கி, இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றன. தோளிலில்லை, கையிலில்லை. பையின் மேல் மட்டும்.

வேதா வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா... ராணி பக்கத்துல இருந்தாத்தான் இப்படி வாலத் தூக்கிக் கூப்புடும். ராணியோட வாசன அந்தத் துணியில இருக்கு!"

"எதுல வெச்சீங்கண்ணா, தீப்பெட்டிலயா?" என்று கேட்டாள் சந்திரகலா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல.

அப்பாசாமிக்குச் சட்டையைத் தட்டக்கூடக் கை எழவில்லை. "தீப்பெட்டிலதான்," என்றார் கடைசியில். "சாவடிக்கணும்னு இல்லம்மா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டுல வண்டி நிக்க எடமில்லாம என் கொல்லைய மிதிச்சுட்டுப் போறானுங்க. நேராக் கேட்டா யாரு குடுப்பாங்க?"

"கேட்டுப் பாத்தியாப்பா?" என்றார் பாஞ்சாலை. "பஞ்சாயத்துக்கு ஒரு நாளாவது வந்து கேட்டியா? அந்தப் பொண்ணு கேட்டுத்தான் வாங்கிச்சு. போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு. உன் வண்டிக் கதைய அப்புறம் பேசுவோம்."

அவர் கேட்டார். தேனீக்கள் அப்போதும் பையை விடவில்லை. கூட்டத்தில் யாரோ, "மாமா, சட்டையக் கழட்டிக் குடு, அதையும் பெட்டியில வெச்சுடலாம்," என்றார்கள். சிரிப்பு வெடித்தது.

வேதா ராணியைச் சின்னக் கம்பிக் கூண்டுக்குள் விட்டாள். மணிவேல் அவள் எதிரே வந்து நின்றான். "தூக்கினு போம்மா. எனக்கு வேணாம்."

"ராணிய இன்னிக்கே கூட்டினு போறேண்ணா. ஆனா உங்களுக்கு உண்டு. கூட்டம் பெருத்ததும் பிரிக்கற மொத பெட்டி உங்களுதுதான்," என்றாள் வேதா. அவன் தன் பெட்டியின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சரி, முடிச்சுடுவோம்," என்றார் பாஞ்சாலை குரலை உயர்த்தி. "தோட்டம் வேதாகிட்டயே இருக்கட்டும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!"

கைகள் எழுந்தன. மணிவேல், ரேவதி, அந்த அக்கா தங்கச்சி, வேலியில் ஏறி நின்ற கல்லூரிப் பெண்கள். கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல், அப்பாசாமியும் தூக்கினார். வேதா எண்ணக்கூட முடியாமல் அழுதாள்.

ஐந்நூறு தேனீக்களை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு விமல்ராஜ் மட்டும் அசையாமல் நின்றான்.

"தலைவரம்மா," என்றான் உதட்டை அசைக்காமல், "நான் வெளியூர்க்காரன், எனக்கு ஓட்டு இல்ல. இருந்தாலும் ரெண்டு கையையும் தூக்கினுதாங்க இருக்கேன். எண்ணிக்குங்க."