முகமூடி இல்லாத அட்டை

விளையாட உட்கார்ந்தது இரண்டு பேர். தர்சினி அட்டைகளை மூன்றாகப் பிரித்துப் போட்டிருந்தாள்.

துஷ்யந்தி அதைக் கவனித்தபோது பிற்பகல் மூன்று மணி. மழையில் கரண்ட் போய், கொண்டச்சிக் கடற்பக்கமிருந்து அடித்த காற்று கூரைத் தகரத்தின் இடுக்குகளில் ஊதி, அறை முழுக்க ஈரச் சாக்கின் மணமும், தாராபுரத்தில் வாங்கிய பழைய அலுமாரியின் பூச்சியுருண்டை மணமும் அடைந்து கிடந்தன. அந்த அலுமாரியின் அடித்தட்டில்தான் மகள் தர்சினி இந்த அட்டைகள் இருந்த தகரப்பெட்டியைக் கண்டெடுத்தாள். அறுபது வருடத்துக்கு முந்திய பிள்ளைகள் விளையாட்டு. மேலங்கி பறக்க, முகமூடி கட்டிய வீரர்கள்: தீயை விழுங்குபவன், மலையைத் தூக்குபவள், காற்றில் ஓடுபவன். ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டை. ஒருவனுக்கு மட்டும் ஒன்று. அவனுக்கு முகமூடி இல்லை, முகமும் இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

விளையாட்டு பெரிய வித்தையில்லை. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து பார்க்காமல் ஓர் அட்டை இழுக்க வேண்டும். சோடி சேர்ந்தால் கீழே போட வேண்டும். கை வெறுமையானவர் எழும்பலாம். முகமூடி இல்லாதவன் யார் கையில் மிஞ்சுகிறானோ அவர் தோற்றவர். விதித்தாளின் அடியில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'எழும்பேக்க "போறன்" எண்டு மட்டும் சொல்ல வேணும், "வாறன்" எண்டு சொல்லக் கூடாது. தோத்த ஆள் எழும்ப ஏலாது.'

'போறன்' என்ற சொல்லைப் படித்ததும் துஷ்யந்தி விதித்தாளைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன், வயல் கூலிக்குப் புறப்பட்ட புருசன் ரவிசந்திரன், ஏதோ கோபத்தில் "போறன்" என்று படலையைத் தாண்டினான். உழவு மெசினுக்கு அடியில் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சொல் கிடையாது. வாய் தவறிச் சொன்னதற்கு ஒரு தடவை தர்சினிக்கு அடியும் விழுந்தது.

மூன்றாவது பங்கு யாருக்கென்று துஷ்யந்தி கேட்டாள். எட்டு வயதுக் கைக்கு அட்டைகள் பெரியவை. இரண்டு கையாலும் நாடியோடு அணைத்துப் பிடித்தபடி, மகள் எதிர்ச்சுவரைக் காட்டினாள். அங்கே இருக்கிற ஆளுக்காம்.

பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டாள். ஆனால் பாயில் கிடந்த அந்தப் பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஆறாக இருந்தது. பிறகு நான்கு. தன் விரலிடுக்கிலிருந்து ஓர் அட்டை தானாக நழுவிப் போனபோது, போதும், எழும்பு, தேத்தண்ணி குடிப்பம் என்றாள்.

"ஏலாதம்மா. கால் வருகுதில்லை."

தூக்கிப் பார்த்தாள். பிள்ளை நெல்மூட்டையாய்க் கனத்தது. தன் முழங்காலுக்குக் கீழும் உணர்வில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. பக்கத்து வளவு ஹவ்வா உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். தகரத்தில் விழுந்த மழை அதை விழுங்கியது.

முடித்தால்தான் எழும்பலாம்.

தர்சினியின் கையில் இரண்டு. உதடு துடித்தது. வெள்ளை முகம் அவளிடம்தான்.

"எது பிள்ளை? காட்டு."

சின்னப் பெருவிரல் அசைந்தது. துஷ்யந்தி அதைப் பிடித்து இழுத்தாள். தன்னிடம் வந்துவிட்டது. கடவுளே, வந்துவிட்டது. புருசன் செத்த பிறகு இப்படியொரு சந்தோசம் அவளுக்கு வந்ததில்லை.

மகள் பாயிலிருந்து ஒன்றை எடுத்தாள். சோடி. கை வெறுமை. கால்கள் அசைந்தன.

"போறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடு. ஹவ்வா உம்மாட்ட ஓடு."

வாசலில் நின்று தர்சினி அழுதாள். "அது அப்பா சொன்னது."

"சொல்லு பிள்ளை. அம்மா அடிக்கமாட்டன்."

மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தாயை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

"போட்டு வாறன், அம்மா."

செருப்புச் சத்தம் மழைக்குள் ஓடியது.

துஷ்யந்தியின் விரலிலிருந்து ஓர் அட்டை நழுவியது. எதிரே கடைசிச் சோடி விழுந்தது. அவளிடம் வெள்ளை மட்டும்.

பாயில் அட்டைகள் தானாகக் கலைந்தன. பிரிந்தன. மூன்று பங்கு.

படலை கிறீச்சிட்டது.

"வராத பிள்ளை. வராத."

வாசலில் ஒருவரும் இல்லை. சீமெந்துத் தரையில் ஈரம். ஒரு சின்னப் பாதம். பிறகு இன்னொன்று. பாய் அமிழ்ந்தது.

"வந்திட்டன்." தர்சினியின் குரல்.

மகளின் பங்கு மேலே எழும்பியது. எட்டு வயதுப் பிள்ளையின் நாடி உயரத்துக்கு. அங்கே நின்றது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த மாதிரி.