எழுபத்தொன்பது சென்டிமீட்டர்

குழந்தை அறையின் கதவுச் சட்டத்தில், உட்பக்கம், அந்தப் பென்சில் கோடு மறுபடியும் தெரிந்தது.

லோரீன் அப்போது தரையில் மண்டியிட்டு, சுவரிலிருந்த பிளக் துளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் மூடி செருகிக்கொண்டிருந்தாள். மினசோட்டாவின் ஜனவரியில் நாலரை மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருந்தது, நிலவறையில் ஹீட்டர் முனகி முனகி எரிந்தது, அறையெங்கும் புதுப் பெயின்ட்டும் புதுக் கம்பளமும் பிரிக்காத பொம்மைகளின் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை, அதற்கும் அடியில் ஈரத்துணியைக் கரியடுப்புக்கு மேலே காயப்போட்ட மாதிரி இன்னொரு வாசனை. அது எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்தாள். இரண்டு முறை அடித்த வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு பெயர். லான்.

கோட்டைப் போட்டவள் அவள்தான். போன வருஷம் தத்தெடுப்பு ஏஜென்சியிலிருந்து தாள்கள் வந்த அன்று. சீனாவில் ஓர் அநாதை இல்லம், லான் என்றொரு பெண் குழந்தை, வயது ஒன்றே முக்கால், உயரம் எழுபத்தொன்பது சென்டிமீட்டர். காத்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான்: உயரத்தைக் கதவில் குறிப்பது, பாத அளவுக்கு ஷூ வாங்கி வைப்பது, ஒரு போர்வையை ஒரு வாரம் தன்மேல் போட்டுத் தூங்கி, அம்மா வாசனை ஏறியதும் அதைக் குழந்தைக்குப் பார்சல் அனுப்புவது. லோரீன் எல்லாவற்றையும் செய்தாள். எல்லாவற்றையும் படமெடுத்துத் தன் வலைப்பதிவில் போட்டாள். என்னென்ன குறையுள்ள குழந்தையை ஏற்பீர்கள் என்று கேட்கும் படிவத்தில் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டவள், அந்தப் படிவத்தையும் படமெடுத்துப் போட்டாள். தேவாலயச் சபையே கண் கலங்கியது.

பிறகு ஒரு வீடியோ வந்தது. கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. லோரீன் நான்கு தடவை அதைப் பார்த்தாள். ஐந்தாவது தடவை பார்ப்பதற்குப் பதிலாக ஏஜென்சிக்கு இரண்டு வரி எழுதினாள். எங்களால் முடியாது. மன்னிக்கவும்.

இவ்வளவு படம் போட்டபிறகு இதை எந்த முகத்தோடு ஊரில் சொல்வது? 'லான் ஆண்டவரிடம் போய்விட்டாள்' என்று வலைப்பதிவில் எழுதினாள்.

சபை துக்கத்தை வெறுங்கையோடு விசாரிக்கும் சபை அல்ல. பதினேழு வீட்டிலிருந்து ஹாட்டிஷ் வந்தது. மாட்டிறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு அடுக்கி, சீஸ் தூவி வேகவைத்த அனுதாபம். உயிரோடு இருந்த குழந்தைக்கு வந்த சாவுச் சாப்பாட்டை அவள் கணவன் டுவேன் ஈஸ்டர்வரை சூடுபண்ணிச் சாப்பிட்டான். தேவாலய முற்றத்தில் லான் பெயரில் ஒரு மரம் நட்டார்கள். பலகையோடு.

இப்போது இரண்டாவது குழந்தை. மின். கூப்பிட்டால் திரும்புகிற குழந்தை. அவளைக் கூட்டிவர இன்னும் பத்து நாளில் விமானம்.

டுவேன் ஹார்ட்வேர் கடையில் பெயின்ட் பிரிவைப் பார்ப்பவன். அறைக் கதவின் இரண்டு பக்கக் குமிழ்களுக்கும் பிளாஸ்டிக் மூடி மாட்டிக்கொண்டிருந்தான்; வெளியே படிக்கட்டு, குழந்தை தானாகத் திறந்து உருண்டுவிடக் கூடாது.

"இங்க பாரு, சின்னக் கை புடிச்சா சும்மா சுத்தும். பெரியவங்க கையாலதான் அழுத்தித் திறக்க முடியும்."

"டுவேன், அந்தக் கோடு திரும்பத் தெரியுது."

"பென்சில் அப்படித்தான். எத்தன தடவ அடிச்சாலும் ஊறி மேல வரும். அடியில பிரைமர் அடிச்சிருக்கணும். நீதான் அன்னிக்கு அவ்ளோ அவசரப்பட்ட."

"சரி, இப்ப அடி."

"கோடு போயிடும்." அவன் மூடியைச் சுற்றிப் பார்த்தான். அது சும்மா சுற்றியது. "மத்தது? கெளம்பறதுக்குள்ள சபைக்காரங்ககிட்ட உண்மையச் சொல்லிடு லோரீன். அந்தப் பொய்ய வீட்டுல வச்சிகிட்டு இன்னொரு பொண்ணக் கூட்டிட்டு வர எனக்கு மனசு ஒப்பல."

"சொல்றேன்."

அவன் பிரைமர் எடுக்கக் கீழே போனபோது, தையல் டேப்பை எடுத்து அளந்தாள். எண்பத்து நாலு. ஊறி வருகிற கோடு, போட்ட இடத்தில்தான் ஊறி வரும். ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறி வராது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். டுவேனிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பாதிரியாரின் மனைவி மார்லிஸ் வந்தாள், பெண்கள் குழு சேர்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வையோடு. மார்லிஸ் ஒருவரைப் பாராட்ட ஆரம்பித்தால் அவர் தப்பித்து ஓட வழி கிடையாது.

"இந்த ஊருல ஒன் மனசு மாதிரி யாருக்கு வரும் செல்லம்? ஒண்ணப் பறிகொடுத்துட்டு மறுபடியும் கை நீட்டறியே! நடுவுல இருக்குற சதுரம் லானுக்கு. நானே தச்சேன். அழுதுகிட்டே தச்சனா, அதான் கோணிகிச்சு."

"மார்லிஸ், அவளப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. மனசுல வச்சுக்காத."

மார்லிஸின் கண்கள் நிரம்பித் தயாராக இருந்தன. அந்தக் கண்களை ஏமாற்ற லோரீனுக்கு மனம் வரவில்லை.

"கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தாளாம்" என்றாள்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அறையைவிட்டுக் கிளம்பிய மார்லிஸ் வாசலில் நின்றாள். "அடடே, மின்னோட உயரத்தக் குறிச்சிட்டியா? அந்த வயசுக்கு நல்ல வளத்தி!"

பிரைமர் துளி மாசில்லாமல் வெள்ளையாக இருந்தது. அதன்மேல், லோரீனின் இடுப்புக்குச் சற்றே மேலே, புதுக் கோடு. பெயரை மார்லிஸின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது. கீழே தேதி. இன்றைய தேதி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளை முன்னால் வரச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். வரும் வழியில் காரில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். டுவேன் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் சபை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. நிற்கிறவர்களை எப்படி உட்காரச் சொல்வது?

"லான் மேலேருந்து எங்களப் பாத்துட்டிருக்கா" என்றாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

திரும்பும்போது டுவேன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நல்லாப் பேசின" என்றான். அவ்வளவுதான்.

வீட்டில் கோடு அவள் நெஞ்சுவரை ஏறியிருந்தது. நூற்று முப்பத்தொன்று. இந்தமுறை மங்கலாக இல்லை. மரம் பள்ளமாகும்படி அழுத்திப் போட்ட கோடு. பெயரின் முதல் எழுத்து, அவள் எழுதினால் எப்படி வளையுமோ அப்படியே வளைந்திருந்தது.

கிளம்பும் நாள். நாலரை மணி. பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. பனி விழும் சத்தம் கேட்கும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது.

டுவேன் படிக்கட்டின் கீழே, கோட்டு மாட்டிக்கொண்டு நின்றான். "மார்லிஸுக்கு ஒரே ஒரு போன். ரெண்டு நிமிஷம். போட்டுட்டு வா, போலாம்."

"கூட்டிட்டு வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

"லோரீன்."

"எதுக்கு இப்ப ஊரக் கூட்டணும்? அவ இந்நேரம் நெஜமாவே போயிருப்பா டுவேன். அப்பப் பொய்யே இல்லல்ல?"

அவன் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு காருக்குப் போனான்.

மேலே, மரத்தில் பென்சில் உரசும் சத்தம்.

அவள் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அந்த வாசனை கெட்டிப்பட்டது. ஈரத்துணி. கரிப்புகை. அதற்குள் இன்னொன்று, வெகு நாள் பழகியது, புளித்துப்போனது. அவளுடைய சோப்பு. அவளுடைய உடம்பு.

சின்னக் கட்டிலில் மஞ்சள் போர்வை மடித்து வைத்திருந்தது. சீனாவுக்கு அனுப்பிய போர்வை.

கோடு அவள் கண்ணுக்கு மேலே இருந்தது. எவ்வளவு மேலே என்று தெரியவில்லை. டேப் காரில். சட்டத்தில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஒட்டி நின்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

உச்சந்தலையில் ஒரு உள்ளங்கை தட்டையாகப் படிந்தது.

பெரிய கை. குளிர்ந்த கை. மெல்ல அழுத்தியது. இன்னும் அழுத்தியது.

முடிக்கு மேலே பென்சில் ஓடியது.

கீழிருந்து டுவேனின் குரல். "லோரீன்! நேரமாச்சு!"

"இதோ வரேன்."

சொன்னது அவள் குரல். சொன்னது அவள் இல்லை. காலடிகள் நடையைக் கடந்தன. படியில் இறங்கின. அறைக் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். அவள் தலை உயரத்தில் புதுக் கோடு. லோரீன் என்று எழுதியிருந்தது. எழுபத்தொன்பது. படிக்கக் குனிய வேண்டியிருக்கவில்லை.

கூரை வெகு தூரத்தில் இருந்தது.

ஜன்னல் எட்டவில்லை. வெளியே கார்க் கதவு ஒன்று அறைந்தது. இன்னொன்று. டுவேன் என்று கத்தினாள். வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை.

கதவுக்கு ஓடினாள். எக்கினாள். இரண்டு கையாலும் குமிழைப் பிடித்தாள்.

மூடி சுற்றியது.

எஞ்சின் கிளம்பும் சத்தம். டயருக்கு அடியில் பனி நொறுங்கும் சத்தம். தூரத்தில். இன்னும் தூரத்தில்.

மூடி சுற்றியது. சும்மா சுற்றியது.