இடப்பக்கத்துக் கைகாட்டி

இடப்பக்கத்துக் கைகாட்டி மறுபடியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சற்று முன்புதான் சிவகணேஷ் அதைத் தன் விரலால் அழுத்தி உள்ளே மூடியிருந்தான். ஐம்பத்திரண்டாம் வருஷத்து மோரிஸ் கார் அது. இந்தக் காலத்து வண்டிகளில் விளக்கு மினுக்கும். இதிலோ கதவுக்குப் பின்னாலுள்ள தூணின் பிளவிலிருந்து ஒரு சாண் நீளத் தகடு எழும்பி, ஆரஞ்சு வெளிச்சத்தோடு, திரும்பப் போகிற பக்கத்தைக் காட்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டால் எழும்பாது. அதை அவன் கழற்றியாயிற்று. இடித்ததில் உள்ளே ஏதோ தளர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் தள்ளினான்.

டக்.

ஷெட்டின் தகரக் கூரையில் மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாசனை, காலையில் மாமனார் வைத்த சந்தனத்தின் வாசனை, இரண்டையும் மீறிக்கொண்டு புதிதாக அறுத்த புல்லின் பச்சை வாசனை. முன்பக்கக் கம்பிகளில் சிக்கியிருந்த புல்லை இழை இழையாக உருவி, செய்தித்தாளில் சுற்றி, தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தான். வாசனை மட்டும் போகவில்லை.

மாமனார் பாபநாசம் பிள்ளை பாளையங்கோட்டையில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவருடைய அப்பா வாங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மாப்பிள்ளையை ஸ்டியரிங்கில் உட்கார விட்டதில்லை. "நீங்க பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வாங்க மாப்ளே, அதுக்கு என் கைதான் பழக்கம்" என்பார், நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே.

இன்று ஆயுதபூஜை. காலையில் காரைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைக் கொண்டுபோய்ப் பூஜைத் தட்டில் வைத்துவிட்டு, நாங்குநேரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பூஜையில் வைத்ததை நாளை விஜயதசமியன்று எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் மத்தியானம், அவன் மனைவி வேணியும் அவள் அம்மாவும் டிவியில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாவியை எடுத்தது அவனுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. பழங்களை மிதிக்காமல் காலால் ஒதுக்கி வைத்தான். சீவலப்பேரி சாலையில் கொஞ்ச தூரம். ஒரே ஒரு தடவை.

கால்வாய்க் கரை வளைவில் மழை வலுத்தது. முன்கண்ணாடியில் பச்சையாக ஏதோ நடந்து வந்தது. முதலில் காதில் விழுந்தது மெத்தென்ற சத்தம். மதகுச் சுவரில் மோதிய சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது. பானெட் முழுக்கப் புல். அவன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, இடப்பக்கம், கால்வாய்ச் சரிவிலிருந்து ஒரு கை எழும்பியது. கண்ணாடி வளையல் போட்ட கை. பஸ்ஸை நிறுத்துகிறவளைப் போல முழங்கை மடங்காமல் நின்றது.

அவன் நிறுத்தவில்லை.

இப்போது சாவி தட்டில் இருக்கிறது. எலுமிச்சம்பழங்கள் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கின்றன. சந்தனத்தைக் குழைத்து, உடைந்த விளக்கின் விளிம்பில்கூடப் பொட்டு வைத்துவிட்டான். பாக்கி இருப்பது ஒன்றுதான். நசுங்கிய இடப்பக்கத்துக்கு நேராகச் சுவரோரம் நிற்கும் இரும்பு அலமாரியைக் காரின்மேல் சாய்த்துவிட வேண்டும். மழையில் சுவர் ஊறி அலமாரி சாய்ந்தது என்று சொன்னால் முடிந்தது. பூஜையில் இருக்கும் வண்டி வெளியே போயிருக்கும் என்று இந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்?

"அண்ணாச்சி!"

அவன் ஷெட் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்தான். பின்வாசலில் கோமு. இந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"பெரியய்யா வந்துட்டாவளா?"

"இன்னும் வரல. என்ன?"

"எங்க மதினி பாக்கியவதி, புல்லறுக்கப் போனவ இன்னும் வீடு வந்து சேரல. எங்கனயாவது நின்னு வாயடிச்சிக்கிட்டு இருப்பா, வரட்டும்னு இருந்தேன். இருட்டப் போவுதே. பெரியய்யா இருந்தா காரெடுத்து ஒரு எட்டு பாத்துட்டு வருவாவ."

"வண்டி பூசையில இருக்குல்லா. எடுக்கக் கூடாது."

"அதுவும் சரிதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கால்வாயில தண்ணி கூடுதுன்னு சொல்லுதாங்க. அவ ஊரையே ஒரு வாயில அடக்குவா, தண்ணியக் கண்டா மட்டும் ஆடு மாதிரி ஒதுங்குவா. எந்தப் பக்கம் போனான்னு தெரிஞ்சா ஓடிப் பாத்துருவேன்."

ஒரு ஊர்ப்பெயர். அவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், ஷெட்டுக்குள், டக்.

"அது என்ன சத்தம் அண்ணாச்சி?"

"எலி."

கோமு சந்தின் முனைவரை ஓடி, ஒரு கணம் நின்று, வலப்பக்கம் திரும்பினாள். சீவலப்பேரி சாலை இடப்பக்கம்.

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கைகாட்டி நீட்டிக்கொண்டிருந்தது. நுனி விளக்கு மங்கலாக எரிந்தது. குனிந்து பாட்டரியைப் பார்த்தான். இணைப்பு கழன்றபடியே தொங்கியது.

இந்தத் தடவை தள்ளியபோது தகடு சில்லிட்டிருந்தது. ஈரமாக இருந்தது. தூணைச் சுற்றிச் சணல் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான்.

எங்கோ தண்ணீர் சொட்டியது. கூரையில் அல்ல. காருக்குள். பின்சீட்டிலிருந்து மிதியடிக்கு, மிதியடியிலிருந்து கதவிடுக்குக்கு, அங்கிருந்து தரைக்கு. கலங்கல் தண்ணீர். சேற்று வாடை. நடுவில் ஒரு புல்லிழை மிதந்து வந்து அவன் செருப்பில் ஒட்டியது.

அலமாரியைப் பிடித்து இழுத்தான்.

இரும்பும் ஸ்பேனர்களும் சரிந்து விழுந்தன. கண்ணாடி நொறுங்கியது. அதற்குள்ளே, அத்தனை இரைச்சலுக்கும் அடியில், முதலில் கேட்டது மெத்தென்ற சத்தம்.

மின்சாரம் போனது.

"அத்தான்? என்ன விழுந்துச்சு? அப்பா வந்துட்டாவ!"

வேணி அகல்விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் நனைந்த குடையோடு பாபநாசம் பிள்ளை. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நசுங்கிய தகட்டின்மேல் கையை வைத்து, பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"சுவரு ஊறிப் போச்சு மாமா. அலமாரி சாஞ்சிட்டு."

"பூசையில இருக்கையிலயா இப்படி ஆகணும்?" அவர் குரல் உடைந்தது. பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டார். "போவுது. இரும்புதானே, தட்டி எடுத்துக்கிடலாம். யாருக்கும் அடி படலல்லா மாப்ளே?"

நம்பிவிட்டார். சிவகணேஷுக்கு மூச்சு வந்தது.

"இல்ல மாமா. யாருக்கும் இல்ல."

டக்.

சணல் கயிறு தரையில் கிடந்தது. முடிச்சு அவிழாமல்.

தூணின் பிளவிலிருந்து முதலில் தண்ணீர் வழிந்தது. பிறகு விரல்கள். ஒன்று. இரண்டு. நகக்கண்ணில் சேறு. பிளவில் சிக்கிய கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து தரையில் விழுந்தன. மணிக்கட்டு. முழங்கை.

வேணியின் கையில் விளக்கு ஆடியது. அணையவில்லை.

பஸ்ஸை நிறுத்துகிறவளைப் போல, மடங்காமல், அது அவனை நோக்கி நீண்டு நின்றது. விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.