வெற்றுத் தட்டு

“சாயந்தரம் வாரப்ப என் செருப்ப எடுத்துட்டு வா சுபா. இங்க குடுத்தது எவன் போட்டுக் கழட்டுனதோ, காலே கூசுது” என்றார் செம்மல். திருமயம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து, காலில் ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள். என் கணவர் சாதாரணமாகப் பேசியது அதுதான் கடைசி.

மத்தியானம் காய்ச்சல் ஏறியது. ஐசியுவுக்கு மாற்றினார்கள். அதே ஆஸ்பத்திரி லேபில்தான் எனக்கு வேலை. அவர் புண்ணின் சீழ் என் மேசைக்கே வந்தது. இரண்டு நாளில் கிருமி வளர்க்கும் தட்டு முழுக்கப் பச்சையாகப் படர்ந்தது. அந்தக் கிருமிக்குக் கனிந்த திராட்சை வாசனை. எந்த மருந்துக்கும் அது சாகவில்லை.

“ரெண்டு மருந்தச் சேத்துப் பாப்போம்மா” என்றார் லேப் டாக்டர் சுந்தரேசன். “ஆனா கிட்னிய அடிச்சிரும். கேக்குதுன்னு தெரியாமக் குடுக்க முடியாது.”

கிருமி தடவிய தட்டில் இரண்டு மருந்து வில்லைகளை அருகருகே வைத்தேன். பக்கத்தில், எதுவுமே தடவாத வெற்றுத் தட்டு ஒன்று. அதில் ஏதாவது வளர்ந்தால் எங்கோ அசுத்தம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மொத்தச் சோதனையும் செல்லாது. இன்குபேட்டரில் பதினெட்டு மணி நேரம்.

மறுநாள் அதன் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது.

சோதனைத் தட்டில் வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்து இரண்டு வட்டங்கள் தெளிந்து, நடுவில் ஒன்றாகக் கூடியிருந்தன. சேர்த்துக் கொடுத்தால் மருந்து கேட்கிறது.

பிறகு வெற்றுத் தட்டைத் தூக்கினேன்.

பச்சை.

விளிம்புவரை பச்சை. நடுவில், வில்லையே வைக்காத இடத்தில், அதே இரண்டு வட்டங்கள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். “தட்டு மாறிருச்சாம்மா?”

“இல்ல சார். மேல இருக்கது என் கையெழுத்துதான்.”

“இத வச்சு ஊசி போடச் சொல்ல முடியாது.” குரல் தாழ்ந்தது. “திரும்பப் போடுங்க.”

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற சட்டம் அது. கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. இரண்டு தட்டுகளையும் அழித்துவிட்டு மறுபடி வைத்தேன்.

பதினைந்தாவது மணி நேரத்தில் செம்மல் போய்விட்டார்.

நேரம் முடிந்ததும் நானே போய்த் தட்டுகளை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. வட்டங்கள் முன்போலவே கூடியிருந்தன. வெற்றுத் தட்டு சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் வேறெந்த வெற்றுத் தட்டிலும் எதுவும் வளர்ந்ததில்லை. அந்த ஒரு நாள் மட்டும்தான்.

செருப்பை அவர் கேட்ட அன்றைக்குச் சாயந்தரமே கொண்டுவந்திருந்தேன். லேப் மேசைக்கு அடியில் மஞ்சள் பையில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. காலையில் லேபைத் திறக்கும்போதெல்லாம் திராட்சை வாசனை அந்தப் பையிலிருந்துதான் வருகிறது.

பையின் முடிச்சு, நான் போட்டபடியே இருக்கிறது.